முள்கம்பி இல்லாமல் ஒரு வேலி

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம், சூலூர் வட்டாரத்தில் ஞாயிறுதோறும் மண்வெட்டி பிடிக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வாரம் முழுக்கத் தறியிலும் மில்லிலும் கம்ப்யூட்டர் முன்னாலும் உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் குளத்துக்குக் கொடுக்கிற பிள்ளைகள் நீங்கள். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, கௌசிகா நீர்க்கரங்கள் என்று பெயர் பெற்ற குழுக்களிலும், பெயரே வைத்துக்கொள்ளாத சின்னச் சின்னக் குழுக்களிலும் உங்களைப் பார்க்கிறேன். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிப் பழகிய கைகளிடம் இப்போது வேறொரு வேலை கேட்கிறேன். இது நடுகிற வேலை. ஒரு வேலி போட வேண்டும்.

படையில் இருந்து திரும்பி வந்து நம் தெருவில் வாழ்கிற முன்னாள் படைவீரர்கள் வந்து இருந்துபோக, நாலைந்து குதிரைகள் மேயும் ஒரு காடு நம் வட்டாரத்தில் அமைய வேண்டும் என்பது என் யோசனை. அதற்கு நிலம், பணம், மருத்துவர், குதிரை எல்லாம் வேண்டும்தான். ஆனாலும் முதலில் வருவது வேலி. வேலி சரியாக அமையாத காட்டுக்குக் குதிரையைக் கொண்டுவரக் கூடாது, மனிதரையும் அழைக்கக் கூடாது. அந்த வேலியில் ஒரு முழம் முள்கம்பிகூட இருக்கக் கூடாது என்று சொல்லத்தான் இத்தனை நீள மடல்.

படைவீரர்களுக்கும் சோமனூருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டீர்கள். சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்பும் விமானங்கள் நம் தலைக்கு மேல்தான் பறக்கின்றன. மலை ஏறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். 2021 டிசம்பர் 8 அன்று அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரில் இருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. பயணம் செய்த 14 பேரும் உயிரிழந்தார்கள். எரிந்துகொண்டிருந்த இடத்துக்குக் குடத்தில் தண்ணீரோடும் கையில் கம்பளியோடும் முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்த் தோட்டத் தொழிலாளர்கள். மறுநாள் உடல்கள் மலையிறங்கிச் சூலூருக்கு வந்தபோது சாலை நெடுக நம் ஜனங்கள் நின்று பூத் தூவினார்கள். உங்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள்.

இறந்து வருகிறவருக்குப் பூத் தூவ நமக்குத் தெரியும். உயிரோடு வருகிறவரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார். வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், கடன் பாக்கி இருக்கும். அவருக்கு நம் ஊர் வைத்திருக்கும் வேலை மில் கேட்டில் செக்யூரிட்டி, ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பனிமலையில் இரவுக் காவல் நின்றவர் இங்கேயும் இரவுக் காவல்தான் நிற்கிறார்.

அவர்கள் எல்லோரும் மனம் நொந்து கிடக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நம்மைவிட ஒழுங்காக, நம்மைவிட நிம்மதியாக வாழ்கிறார்கள். சிலர் மட்டும் அப்படி இல்லை. தூக்கம் வராது, வந்தாலும் திடுக்கிட்டு எழுவார்கள். தீபாவளிக்கு வெளியூர் போய்விடுவார்கள். கல்யாண மண்டபத்தில் சுவர் ஓரமாக, வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஊர் அதைக் கோபக்காரன், குடிகாரன் என்ற இரண்டு பெயர்களில் முடித்துவிடும். நம் ஊரின் இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இரவும் பகலும் ஓயாத விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். சத்தம் என்றாலே உடம்பு விறைத்துப்போகிற ஒருவருக்கு இந்த ஊரில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தில் குதிரை எதற்கு? குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் தவிரச் சுற்றிலும் அதற்குத் தெரியும். காது எப்போதும் திரும்பிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், ஓடிய பிறகுதான் நின்று பார்க்கும். நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் அது படுத்தாக வேண்டும். பத்திரமான இடம் என்று நம்பாமல் படுக்காது. கூட்டத்தில் சில படுத்தால் ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். காவல் நின்றவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவசரமாகவோ கோபமாகவோ பயத்தோடோ பக்கத்தில் போனால் குதிரை விலகும். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு போனால் நிற்கும். பொய் சொல்லி அதை ஏமாற்ற முடியாது, அதுவும் யாரையும் பழைய கதை கேட்டுத் துளைக்காது.

குதிரையோடு பழகுவது உதவுமா என்று மருத்துவர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரை உடலுக்கு மருந்தாகுமா என்ற கேள்வி அதன் பிறகு உலகெங்கும் வலுத்தது. அமெரிக்காவில் 2006-ல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையர் படைமுகாமில், இறந்த வீரர்களின் சவப்பெட்டி வண்டியை இழுக்கும் அதே குதிரைகளைக் கொண்டு காயம்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ‘மேன் ஓ வார்’ என்ற திட்டத்தில் 63 முன்னாள் வீரர்களை வாரம் ஒரு முறையாக எட்டு வாரம் குதிரைகளோடு பழகவிட்டு, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிப் பேரிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்த எட்டு வாரத்தில் யாரும் குதிரைமேல் ஏறவில்லை. தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடப்பது, பக்கத்தில் நிற்பது, இவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எனவே குதிரையே மருந்து என்று சொல்ல அது போதாது. மனநல மருத்துவர் ஒருவரின் கண்பார்வையில் நடக்காத எதையும் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். அவசரமானால் டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். குதிரைக்காடு மருத்துவமனைக்கு மாற்று ஆகாது. மருத்துவமனைக்கு வரக் கூச்சப்படுகிறவரும் தயங்காமல் வரக்கூடிய வாசல் அது.

குதிரை நமக்குப் புதிதும் அல்ல. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கத்தியவார், மார்வார் குதிரைகள் எங்கெங்கிருந்தோ வந்து வரிசையாக நிற்கும். ரேக்ளா பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் மத்திகிரியில் இன்று மாடும் ஆடும் வளர்க்கிற அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-ல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டதுதான். பந்தயத்தில் ஓய்ந்த குதிரையும் ஊட்டிச் சாலைகளில் அநாதையாகத் திரியும் மட்டக்குதிரையும் நம் மலையடிவாரத்துக் கதைகள். மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ‘இந்தியா புராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்’ அமைப்பினர் அப்படிப்பட்ட குதிரைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். உங்கள் காட்டுக்கு வரும் குதிரைகளும் அப்படி ஓய்வு பெற்றவையாக இருக்கட்டும்.

குதிரைகளுக்காக எழுதிய ஒரு மடல் என்ன செய்தது என்று ஒன்று சொல்கிறேன். முதல் உலகப்போர் முடிந்ததும் ஆங்கிலப் படை எகிப்தில் தன் குதிரைகளை விற்றுவிட்டு ஊர் திரும்பியது. 1930-ல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற பெண்மணி, போரில் ஓடிய அதே குதிரைகள் எலும்பும் தோலுமாகக் கல் வண்டி இழுப்பதைப் பார்த்தார். 1931-ல் லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். பாதிக்கு மேல் வேலைக்கு உதவாதவை, சில நாள் தீனியும் நிழலும் கொடுத்து வலியில்லாமல் கண்மூட வைக்கத்தான் முடிந்தது. 1934-ல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று இந்தியாவிலும் வேலை செய்யும் புரூக் அமைப்பாக வளர்ந்திருக்கிறது. அவர் கேட்டது பணம். நான் கேட்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

இனி வேலிக்கு வருவோம். வேலி என்றதும் இன்று நமக்குத் தோன்றுவது கல்கால் நட்டு அஞ்சு வரி முள்கம்பி இழுப்பதுதான். சீக்கிரம் முடியும், கணக்குப் போடச் சுலபம், காடு விற்கிறவரும் வாங்குகிறவரும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த முள்கம்பிக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874 நவம்பர் 24 அன்று காப்புரிமை வாங்கினார். மாட்டைத் தடுக்க வந்த கம்பி முப்பது ஆண்டுக்குள் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் மனிதனைத் தடுத்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கு முன்னால் மைல்கணக்கில் அது சுருண்டு கிடந்தது. நம் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் 2004 வாக்கில் போட்டு முடித்த வேலி மட்டும் சுமார் 550 கிலோமீட்டர் நீளம், இரட்டை வரிசை, நடுவில் முள்கம்பிச் சுருள். நம் ஊர் முன்னாள் வீரர்களில் பலர் அதன் ஓரமாக ஆண்டுக்கணக்கில் இரவில் நடந்தவர்கள். ஓய்வெடுக்க வாருங்கள் என்று அழைத்துவிட்டு வாசலிலேயே அதைக் காட்டலாமா?

குதிரைக்கும் அது ஆகாது. மாட்டின் தோல் தடிமன், நிதானமும் அதிகம், கம்பி குத்தினால் பின்வாங்கும். குதிரையின் தோல் மெல்லியது. ஓடுகிற வேகத்தில் மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குப் படாது. கால் மாட்டினால் நிற்கத் தெரியாமல் இழுக்கும், இழுக்க இழுக்கச் சதை கிழிந்து எலும்பு தெரியும். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். மண்ணும் சாணியும் ஒட்டிய கம்பி கிழித்த ஆழமான புண் அதற்கு எமன். எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

மாற்று என்னவென்று அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் கேட்க வேண்டாம். பல்லடம் தாண்டிக் காங்கேயம், தாராபுரம் பக்கம் போய்க் கொறங்காட்டைப் பாருங்கள். வானம் பார்த்த பூமியில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, சுற்றிலும் முள்கிளுவையை வேலியாக நட்டு, உள்ளே காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் மேயவிட்டு வாழ்ந்த கணக்கு அது. நல்ல கிளுவை வேலிக்குள் ஆளும் நுழைய முடியாது, நாயும் நுழைய முடியாது. வெயிலில் இலை உதிர்த்து நிற்கும், ஒரு மழை விழுந்தால் பச்சை பிடிக்கும். வறட்சிக் காலத்தில் ஆட்டுக்குத் தழையும் கொடுக்கும்.

இரண்டு பக்கமும் இந்த உயிர்வேலி நிற்க, நடுவே வண்டி போகிற இட்டேரியில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருப்பார்கள். சங்கமுள், சூரை, பிரண்டை, கோவைக்கொடி, ஆவாரை என்று அந்த வேலியில் ஒரு வைத்தியசாலையே இருந்தது. கௌதாரி, கீரி, உடும்பு, ஆந்தை எல்லாம் அதில் குடியிருந்தன. காடுகள் மனைகளாகவும், இட்டேரிகள் தார்ச் சாலைகளாகவும் மாறியபோது இரண்டு பக்கத்தையும் பொக்லைன் வழித்துப் போட்டுவிட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். முள்கம்பி வேலிக்கு அந்தச் சாட்சிகூடக் கிடையாது.

ஆகவே இரண்டு வேலி போடுங்கள். உள்ளே மர வேலி, வெளியே கிளுவை வேலி. மர வேலி இந்த ஆண்டுக்கு, கிளுவை வேலி வரப்போகும் ஆண்டுகளுக்கு. இடையில் ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அளவு இடம் விடுங்கள். குதிரையின் கண்ணில் முள் படாது, வேலியைக் கவாத்து பண்ணவும் வழி இருக்கும். பறவைகளுக்கும் நல்லது.

மர வேலியை எப்படிப் போடுவது என்பதில் அனுபவசாலிகள் சொல்கிற சில விஷயங்கள் உண்டு. உயரம் நாலரை அடியில் இருந்து ஐந்தடி, அதாவது குதிரையின் நெஞ்சுக்கு மேல். மேல் சட்டம் தடிமனாக, வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தால் ஓடுகிற குதிரைக்குத் தூரத்திலேயே தெரியும். கால்களை வெளிப்பக்கம் நட்டு, சட்டங்களை உள்பக்கமாக அடியுங்கள். வெளிப்பக்கம் அடித்த சட்டத்தில் குதிரை சாய்ந்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு சட்டம் போய்விடும், உள்பக்கம் அடித்தால் சாயச் சாயக் காலோடு இறுகும். மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள், வளைத்துக் கொண்டுபோங்கள். கூர் மூலையில் வலுத்த குதிரை இளைத்த குதிரையை மடக்கிப் போட்டு உதைக்கும். ஆணி முனை, கம்பித் துண்டு எதுவும் உள்ளே துருத்தக் கூடாது. வேலை முடிந்த அன்று தரையை ஒருமுறை காந்தத்தால் துழாவி விழுந்த ஆணிகளைப் பொறுக்கிவிடுங்கள். குளம்பில் ஏறிய ஓர் ஆணி ஒரு குதிரையைக் கொல்லப் போதும்.

காலுக்குக் கருங்கல் நடலாம், நம்மிடம் தாராளமாகக் கிடைப்பதுதான். ஆனால் முனையை உருட்டிவிட வேண்டும். சட்டத்துக்குச் சவுக்கோ தைலமரமோ போதும். பனையை வெட்டாதீர்கள். குழி ஒவ்வொன்றும் காலின் மூன்றில் ஒரு பங்கு ஆழமாவது போகட்டும். நம் காட்டில் ஒரு முழத்துக்குக் கீழே ஓடைக்கல் இறுகிக் கிடக்கும், கடப்பாறை பிடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அரைகுறைக் குழி தோண்டி மேலே சிமெண்ட் பூசி மறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். முதல் காற்று மழையில் வேலி சாய்ந்தால் குதிரை தேசிய நெடுஞ்சாலையில் நிற்கும்.

கிளுவைக்கு விதையோ நர்சரியோ தேடி அலைய வேண்டாம். போத்து வெட்டி நட்டாலே வரும். மழைக்கு முந்தி நட வேண்டும். எந்தப் போத்து பிடிக்கும், எத்தனை நாள் நிழலில் கிடத்த வேண்டும், எவ்வளவு நெருக்கி நட வேண்டும் என்பதையெல்லாம் கொறங்காடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்திக் கேளுங்கள். கீழ்ப்பகுதியில் சந்து விழாமல் இளங்கிளைகளைக் குறுக்கே பின்னுகிற வித்தை அவர்களுடைய கையில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் இந்தப் பாடத்துக்கு அந்தப் பெரியவர்தான் பேராசிரியர்.

கொறங்காட்டு அறிவை அப்படியே குதிரைக்கு மாற்றும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிற்றில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. குதிரைக்கு அந்த வசதி இல்லை. அந்தப் புல்லையே மாதக்கணக்கில் தின்றால் அது எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்றுவிடும், முகம் வீங்கிக் கால் தாங்கும். ஆஸ்திரேலியாவில் இது தெரிந்த நோய். எனவே வேறு தீவனமும் சுண்ணாம்புச் சத்தும் கலந்து கொடுக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியினரிடம் முன்கூட்டியே கணக்குக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரளியும் ஆமணக்கும் உன்னியும் வேலியில் ஒரு செடிகூட இருக்கக் கூடாது. அழகுக்காக அரளி நடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அரளி இலை கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குதிரை பிழைக்காது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கண் போகும், அதுவும் உள்வேலிப் பக்கம் வேண்டாம்.

உயிர்வேலி என்பதாலேயே அது நல்லது ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பு வரி வசூலிக்க ஆங்கிலேயர் பஞ்சாபில் இருந்து ஒடிசா வரை சுங்கக் கோடு ஒன்று போட்டு, அதில் நெடுந்தூரம் முள்செடிகளாலேயே வேலி வளர்த்தார்கள். பிற்காலத்தில் காங்கிரசைத் தொடங்கிய ஏ.ஓ. ஹியூம் அதிகாரியாக இருந்து வளர்த்த வேலி அது. ஏழையின் கஞ்சிக்கு உப்புப் போகாமல் தடுத்த அந்தப் பச்சை வேலியை 1879-ல்தான் கைவிட்டார்கள். வேலி எந்தப் பொருளால் ஆனது என்பது பாதிக் கேள்வி. யார் சொல்லிப் போட்டது, வாசல் யார் கையில் என்பது மீதிப் பாதி.

வாசலைப் பற்றி என் வேண்டுகோள் இதுதான். படல் எந்த நேரமும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். குதிரைக்குத் திறக்கத் தெரியாத, மனிதருக்குச் சாவி தேவைப்படாத கொண்டி போதும். வந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் போக வேண்டும் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் போகலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடைத்துவைத்தார்கள் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அவர் திரும்ப வர மாட்டார்.

வேலிக்கு அளவு போடுவதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பாருங்கள். நம் ஊர்களில் இருக்கும் முன்னாள் படைவீரர்களிடமும், கோவையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள். இப்படி ஓரிடம் தேவையா, எங்கே இருந்தால் வருவார்கள், என்ன இருந்தால் வரமாட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘வேண்டாம் தம்பி, அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்’ என்று சொன்னால் அதைச் செய்யுங்கள், குதிரை ஆசையை மூட்டை கட்டிவிடுங்கள். செய்யலாம் என்று சொன்னால் குழி தோண்டும் முதல் நாளில் இருந்தே அவர்களை முன்னால் நிறுத்துங்கள். முகாம் அமைத்தே வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். நேர்கோட்டில் கால் நட உங்களைவிட நன்றாகத் தெரியும். மலைப்படைகளில் கோவேறு கழுதை ஓட்டியவர் யாராவது அகப்பட்டால் அவரே உங்கள் ஆசிரியர். ராணுவத்தில் பெடோங்கி என்ற கோவேறு கழுதையின் கதை பிரசித்தம். 1971 போரில் எதிரியிடம் பிடிபட்டு, அவர்கள் முதுகில் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கியோடு தானாகவே நம் பக்கம் திரும்பி வந்த கழுதை அது. அந்தக் கதையை அவர் சொல்லும்போது யார் யாருக்கு உதவுகிறார்கள் என்ற கணக்கே மாறிவிடும்.

சொல்லியே ஆக வேண்டிய சில கட்டுப்பாடுகளும் உண்டு. ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். வந்தவரைக் குதிரையோடு நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்க வேண்டாம். சாதி விசாரிக்கிற பழக்கத்தை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். படையில் அவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள், நம் ஊருக்கு வந்து மறுபடி சாதி பார்க்கக் கற்றுக்கொள்ள வைக்க வேண்டாம். தங்கைகள் நிறைய வாருங்கள். வீரரின் மனைவியும் இருபது ஆண்டு தனியாகக் குடும்பம் நடத்திக் களைத்தவர்தான், அவருக்கும் அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, வேலியின் ஆயுளைப் பற்றி. நட்ட அன்று நூறு பேர் வருவோம், மூன்றாம் மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. குளம் தூர்வாரியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கிளுவை அடர்ந்து நிற்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை போத்து பட்டுப்போன இடத்தில் மறு போத்து நட, தளர்ந்த சட்டத்தை அடிக்க, ஆட்டை ஓட்ட, முறைவைத்து ஆள் வேண்டும். எனவே கூட்டமாக வந்து ஒரே நாளில் முடிக்கிற திட்டம் வேண்டாம். பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் வேலியில் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாகத்தில் சந்து விழுந்தால் அந்தக் குழுவின் பொறுப்பு. இடத்தை அன்றாடம் நடத்துவது முன்னாள் வீரர்கள் கையிலேயே இருக்கட்டும், அதற்குச் சம்பளமும் இருக்கட்டும். 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் உண்டு. இந்த யோசனைக்கு அது பொருந்துமா என்று நல அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம்.

யோசனை பிடித்திருந்தால் வரும் ஞாயிறு குளத்து வேலை முடிந்ததும் கரையிலேயே உட்கார்ந்து பேசுவோம். ஒவ்வொருவரும் தன் ஊரில் இருக்கும் முன்னாள் வீரர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். யார் காட்டில் இன்னும் கிளுவை வேலி மிச்சமிருக்கிறது என்றும் விசாரித்து வாருங்கள், போத்து அங்கிருந்துதான் வர வேண்டும். நல்ல மனசோடு யாராவது பத்துச் சுருள் முள்கம்பி இனாமாகத் தருகிறேன் என்பார்கள். கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பணத்துக்குச் சவுக்குக் கட்டை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சோமனூரில் இருந்து உங்களில் ஒருவன்